நேரில் பார்த்தவர் கொடுத்த மதிப்பெண்

அமெரிக்காவின் ஹார்வர்டு கல்லூரி மீதான மாணவர் சேர்க்கை வழக்கு நமக்கு இட ஒதுக்கீட்டுச் செய்தியாகத்தான் வந்து சேர்ந்தது. சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கும் முறை செல்லாது என்று 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அதோடு பேச்சும் அடங்கிவிட்டது. ஆனால் அந்த வழக்கின் ஆவணக் குவியலுக்குள் ஒரு முரண் அப்படியே கிடக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அதற்கு விடை சொல்லவில்லை. எனக்கு இந்த வழக்கில் மிக முக்கியமாகப் படுவது அதுதான்.

விண்ணப்பித்த பிள்ளைகளைக் கல்லூரிக்காக நேரில் சந்தித்து நேர்காணல் செய்த முன்னாள் மாணவர்கள், ஆசிய அமெரிக்கப் பிள்ளைகளின் ஆளுமைக்கு ஏறக்குறைய வெள்ளையினப் பிள்ளைகளுக்குக் கொடுத்த மதிப்பெண்ணையே கொடுத்திருந்தார்கள். அதே பிள்ளைகளில் பெரும்பாலானவர்களை ஒருமுறைகூடப் பார்க்காமல், கோப்பைப் படித்து மதிப்பிட்ட சேர்க்கை அலுவலகம், எல்லா இனத்தவரையும்விடக் குறைந்த ஆளுமை மதிப்பெண்ணை அவர்களுக்குக் கொடுத்திருந்தது. பார்த்தவர்களுக்குத் தெரியாத ஏதோ ஒரு குறை, பார்க்காதவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

‘ஆசிய அமெரிக்கர்’ என்ற அந்தக் கட்டத்துக்குள் சீனர், கொரியர், வியட்நாமியரோடு இந்தியரும் வருகிறார்கள். நியூஜெர்சியின் எடிசனிலும் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டிலும் வளரும் நம் வீட்டுப் பிள்ளைகளும் அதில்தான் எண்ணப்படுகிறார்கள்.

முதலில் இந்த நேர்காணல் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். பிள்ளை நவம்பரிலோ ஜனவரி முதல் தேதிக்குள்ளோ விண்ணப்பத்தை அனுப்புகிறது. சில வாரங்களில் அந்த ஊரிலேயே வசிக்கும் ஒரு முன்னாள் மாணவரிடமிருந்து மின்னஞ்சல் வருகிறது. வக்கீலாக இருப்பார், டாக்டராக இருப்பார், பணி ஓய்வு பெற்றவராகவும் இருப்பார். இதற்குச் சம்பளம் கிடையாது. காபிக் கடையிலோ நூலகத்திலோ சந்திப்பார்கள். 2020க்குப் பிறகு பெரும்பாலும் ஜூம்தான். அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை பேச்சு. விண்ணப்பக் கோப்பு அவர் கையில் இருக்காது. பேசி முடித்ததும் ஒரு அறிக்கை எழுதி, எண்ணாகவும் மதிப்பிட்டு அனுப்புவார். ஹார்வர்டு கணக்கில் 1 மிகச் சிறந்தது, 6 கடைசி.

தமிழ் வீடுகளில் இந்த மின்னஞ்சல் வந்தால் எழும் பதற்றத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எந்தச் சட்டை போடுவது, அம்மா அப்பா கூட வரலாமா (வரக் கூடாது), காபிக்கு யார் காசு கொடுப்பது, ‘ஏன் இந்தக் கல்லூரி?’ என்று கேட்டால் என்ன சொல்வது. இதற்கென்றே பயிற்சி கொடுத்துக் காசு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பதற்றத்துக்கும் நேர்காணலின் உண்மையான எடைக்கும் சம்பந்தமில்லை. நேர்காணல் கிடைக்காமல் போனால் விண்ணப்பத்துக்குப் பாதகமில்லை என்று கல்லூரிகளே எழுதி வைத்திருக்கின்றன. முன்னாள் மாணவர் யாருமில்லாத சிற்றூர்ப் பிள்ளையைத் தண்டிக்கக் கூடாது என்பதால் அப்படிச் சொல்லத்தான் வேண்டும். சரி, இல்லாமல் போனால் நஷ்டமில்லை என்றால், இருந்தால் எவ்வளவு லாபம் இருக்க முடியும்?

ஹார்வர்டில் அந்த அறிக்கை போய்ச் சேரும் இடம் இது. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் முதலில் ஒரு அலுவலர் படித்து, படிப்பு, வெளிச் செயல்பாடுகள், விளையாட்டு, பள்ளியின் பரிந்துரை, ஆளுமை, ஒட்டுமொத்தம் என்று ஆறு வகையில் மதிப்பெண் இடுகிறார். பிறகு வட்டாரத் துணைக்குழு, அதற்குப் பிறகு 40 பேர் கொண்ட முழுக்குழு. முன்னாள் மாணவர் கொடுத்த எண்களும் கோப்பில் இருக்கும். ஆனால் அலுவலகம் தானே ஒரு ஆளுமை மதிப்பெண்ணைத் தனியாக இட்டுக்கொள்ளும். ஒரே பிள்ளையின் குணத்துக்கு இரண்டு எண்கள், இரண்டு கைகளிலிருந்து.

குணத்துக்கு மதிப்பெண் போடும் யோசனை எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த வழக்கைப் புரிந்துகொள்ள முடியாது. 1920களின் தொடக்கம்வரை ஹார்வர்டில் நுழைய நுழைவுத் தேர்வுதான் முக்கியம், தேறியவர் சேரலாம். அந்த வழியில் யூத மாணவர்கள் ஏராளமாக வந்தார்கள். 1922இல் அவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தார்கள். அப்போதைய தலைவர் லாரன்ஸ் லோவெல் அதை 15 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்த விரும்பினார். வெளிப்படையான ஒதுக்கீட்டைப் பேராசிரியர்கள் ஏற்கவில்லை. 1926இல் கல்லூரி வேறு வழிக்கு வந்தது: மதிப்பெண்ணோடு ‘குணம்’ பார்ப்பது, புகைப்படம் கேட்பது. யூத மாணவர்களின் பங்கு சரிந்தது. கொலம்பியா பல்கலைக்கழகம் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே மதத்தையும் தாயின் பிறந்தகப் பெயரையும் கேட்கும் நீண்ட விண்ணப்பப் படிவம், புகைப்படம், நேர்காணல் என்று இறங்கியிருந்தது. நேர்காணல் தோன்றியதே வடிகட்டத்தான் என்று மொத்தமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் குணம் என்ற சொல்லை ஒரு வாசலின் காவலாளியாக நிறுத்தினால், அந்தக் காவலாளி யாருக்கு வேலை செய்வான் என்பதற்கு 1926 ஒரு பழைய சான்று.

1980களின் கடைசியில் அதே சந்தேகம் ஆசிய அமெரிக்கர்கள் விஷயத்தில் கிளம்பியது. அமெரிக்க மத்தியக் கல்வித் துறையின் குடிமை உரிமைகள் பிரிவு விசாரித்து, 1990இல் ஹார்வர்டு பாகுபாடு காட்டவில்லை என்று முடித்தது. முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் தரும் முன்னுரிமைதான் வித்தியாசத்துக்குக் காரணம் என்றது. ஆனாலும் ஆசிய அமெரிக்கர்களின் கோப்புகளில் அமைதியானவர், கூச்சப்படுபவர், கணக்கிலும் அறிவியலிலும் நாட்டமுள்ளவர், கடும் உழைப்பாளி என்ற குறிப்புகள் திரும்பத் திரும்ப வந்ததை அந்த விசாரணையே பதிவு செய்தது. இந்த வரியைப் படிக்கும் தமிழ்ப் பெற்றோர் பலருக்கு இது புகழுரையாகத்தான் தோன்றும். அடக்கமும் உழைப்பும் நம் வீட்டில் பாராட்டு. அந்த அலுவலகத்தின் தராசில் அவை எந்தப் பக்கம் விழுந்தன என்பதுதான் கேள்வி.

‘ஸ்டூடன்ட்ஸ் ஃபார் ஃபேர் அட்மிஷன்ஸ்’ என்ற அமைப்பு, ஹார்வர்டு ஆசிய அமெரிக்கப் பிள்ளைகளிடம் பாகுபாடு காட்டுகிறது என்று 2014 நவம்பரில் பாஸ்டன் நகரிலுள்ள கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. நான்கு ஆண்டுகள் ஆவணச் சண்டை. 2018 ஜூனில் இரு தரப்பு வாதங்களும் வெளியானபோதுதான் உள்ளே இருந்த எண்கள் ஊருக்குத் தெரிந்தன. வழக்குத் தொடுத்தவர்கள் பக்கம் டியூக் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் பீட்டர் ஆர்சிடியாகோனோ. ஆறு ஆண்டுகளின் 1,60,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை அலசியவர். ஹார்வர்டு பக்கம் பெர்க்லி பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் டேவிட் கார்டு. பின்னாளில், 2021இல், நோபல் பரிசு பெற்றவர்.

படிப்பில் முதல் பத்தில் ஒரு பங்குக்குள் வந்த பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொண்டால், அலுவலகத்தின் ஆளுமை மதிப்பெண்ணில் 2 அல்லது அதைவிட நல்ல எண் பெற்றவர்கள் ஆப்பிரிக்க அமெரிக்கரில் ஏறக்குறைய 47 சதவீதம், ஹிஸ்பானியரில் 34, வெள்ளையரில் 30, ஆசிய அமெரிக்கரில் 22. முன்னாள் மாணவர்களின் மதிப்பீட்டில் வெள்ளையருக்கும் ஆசிய அமெரிக்கருக்கும் இடையே இந்த இடைவெளி இல்லை.

ஹார்வர்டுக்கு இது புதிய செய்தியும் அல்ல. அதன் சொந்த ஆய்வுப் பிரிவு 2013இல் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்திருந்தது. படிப்பை மட்டும் வைத்துச் சேர்த்தால் ஆசிய அமெரிக்கர்கள் 43 சதவீதம் வருவார்கள்; உண்மையில் வந்தது 19. முன்னாள் மாணவர் பிள்ளைகள், விளையாட்டு வீரர்கள் என்ற முன்னுரிமையைச் சேர்த்ததும் 43 என்பது 31 ஆனது. ஆளுமையையும் வெளிச் செயல்பாடுகளையும் சேர்த்ததும் 26 ஆனது. அது முழுமையற்ற ஆரம்பக் கணக்கு என்று கல்லூரி பின்னர் வாதிட்டது. ஆரம்பக் கணக்கே இப்படிக் காட்டினால், அடுத்த கணக்கைப் போட்டுப் பார்ப்பதுதானே முறை? போடவில்லை. இந்த வழக்கில் ஹார்வர்டின் ஆகப் பெரிய தவறு இதுதான் என்பது என் எண்ணம்.

2018 அக்டோபரில் மூன்று வாரம் விசாரணை. ஜூரி இல்லை, நீதிபதி அலிசன் பரோஸ் தனியாகக் கேட்டார். இனம் சேர்க்கையைப் பாதித்ததா என்று அளக்கும் புள்ளிவிவர மாதிரிக்குள் ஆளுமை மதிப்பெண்ணைச் சேர்ப்பதா, வேண்டாமா என்பதுதான் இரண்டு பொருளாதார அறிஞர்களின் சண்டையின் மையம். அந்த எண்ணே இனத்தால் கறைபட்டது, அதைச் சேர்த்தால் பாகுபாடு மறைந்துவிடும் என்றார் ஆர்சிடியாகோனோ. சேர்க்காமல் விட்டால் முடிவை நிஜமாகவே பாதிக்கும் ஒரு காரணியைத் தள்ளியதாகும் என்றார் கார்டு. சேர்த்தால் ஆசிய அமெரிக்கர் என்பதால் குறிப்பிடத்தக்க பாதிப்பு எதுவும் தெரியவில்லை. எடுத்துவிட்டால் சிறிய பாதகம் தெரிகிறது. ஆகக் கடைசியில் எல்லாம் அந்த ஒற்றை எண்ணின் நேர்மையில் வந்து நின்றது.

அந்த எண்ணைச் சரிபார்க்க வெளியிலிருந்து ஒரு அளவுகோல் வேண்டும். கோப்பிலேயே அது இருந்தது: முன்னாள் மாணவர் கொடுத்த எண்.

ஹார்வர்டின் பதிலைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அதில் நியாயம் இருக்கிறது. முன்னாள் மாணவர் பார்ப்பது ஒரு மணி நேரப் பேச்சை மட்டும். அலுவலர் பார்ப்பது கட்டுரைகள், இரண்டு ஆசிரியர்களின் கடிதம், பள்ளிக் கவுன்சிலரின் (மாணவர் ஆலோசகரின்) கடிதம், கூடவே இந்த நேர்காணல் அறிக்கை. அதிகம் பார்ப்பவர் வேறு முடிவுக்கு வருவது இயல்புதான் என்றார்கள். நீதிபதியும் ஓரளவு ஒப்புக்கொண்டார். ஆசிரியர், கவுன்சிலர் கடிதங்களிலேயே வெள்ளைப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடுதல் பலம் இருந்திருக்கலாம், அலுவலகம் அதைப் பிரதிபலித்திருக்கலாம் என்றார். அறியாமல் ஏற்படும் சாய்வும் கொஞ்சம் இருந்திருக்கக்கூடும் என்பதை அவர் மறுக்கவில்லை. 2019 அக்டோபர் 1 அன்று வெளியான தீர்ப்பு ஹார்வர்டுக்குச் சாதகம்: முறை குறையற்றது அல்ல, ஆனால் வேண்டுமென்று பாகுபாடு செய்ததற்கு ஆதாரம் இல்லை, அலுவலர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் நல்லது. 2020 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

எனக்கு உறுத்துவது அந்தக் கடித வாதம். அமெரிக்கப் பொதுப் பள்ளிகளில் ஒரு கவுன்சிலருக்குக் கீழே நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இருப்பார்கள். பெயரும் முகமும் சரியாக ஒட்டாத பிள்ளைக்கு அவர் எழுதும் கடிதத்தில் ‘நல்ல உழைப்பாளி, அமைதியானவள்’ என்ற வரிதான் வரும். அந்தக் கடிதத்தைப் படித்து அலுவலர் ஒரு எண் போடுகிறார். எதிரில் உட்கார்ந்து ஐம்பது நிமிடம் பேசியவரின் எண் அதே கோப்பில் வேறாக இருக்கிறது. இரண்டும் முரண்படும்போது, யாருடைய சாட்சி கேட்டறிந்தது, யாருடையது கண்டறிந்தது? ஊர்ப் பஞ்சாயத்தில்கூட முதலில் கேட்கும் கேள்வி ‘நீ பார்த்தியா?’ என்பதுதான்.

ஆனால் இங்கே ஒரு கவனம் தேவை. நேர்காணலைத் தூக்கிப் பிடிப்பது என் நோக்கமல்ல. ஒரு பிள்ளை பின்னால் எப்படி வருவாள் என்பதை ஒரு மணி நேரப் பேச்சு சொல்லிவிடாது. ஹூஸ்டனில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் நடந்தது இதற்கு நல்ல சான்று. அங்கே 150 பேரைத் தேர்ந்தெடுத்து முடித்த பிறகு, இன்னும் 50 பேரைச் சேர்க்கும்படி மாநிலச் சட்டமன்றம் சொல்லிவிட்டது. நல்ல இடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அதற்குள் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டதால், நேர்காணலுக்குப் பின் தரவரிசையின் அடியில் தள்ளப்பட்டவர்களிலிருந்து 50 பேரை எடுக்க வேண்டியதாயிற்று. இரண்டு குழுக்களையும் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு 1987இல் வெளியானது. படிப்பிலும் மருத்துவப் பயிற்சியிலும் இரு குழுக்களுக்கும் வித்தியாசம் இல்லை. அங்கே நேர்காணல் செய்தவர்கள் முன்னாள் மாணவர்கள் அல்ல என்றாலும் பாடம் ஒன்றுதான்.

நமக்கும் இந்த அனுபவம் உண்டு. தமிழ்நாட்டில் 1970-71 மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையை எதிர்த்துப் போன பெரியகருப்பன் வழக்கில், விளையாட்டு, உடல் திறன், பொது அறிவுத்திறன் என்று தலைப்புவாரியாகப் போட வேண்டிய நேர்முக மதிப்பெண்ணை மொத்தமாக ஒரே எண்ணாகப் போட்டது சட்டவிரோதம் என்றது உச்ச நீதிமன்றம். பத்து ஆண்டு கழித்து ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரி வழக்கில், ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம் பேசிவிட்டு 150இல் 50 மதிப்பெண்ணை நேர்முகத்துக்கு ஒதுக்கியதைத் தள்ளுபடி செய்து, 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்றது. ‘இன்டர்வியூ’ என்ற சொல்லைக் கேட்டதும் ‘யாரைப் பிடிக்கணும்?’ என்று கேட்ட தலைமுறை நம்முடையது. கட்-ஆஃப் மதிப்பெண்ணும் கவுன்சலிங்கும் நமக்கு ஆறுதலாக இருப்பதற்கு அந்த நினைவும் ஒரு காரணம். மொத்தமாகப் போட்ட ஒற்றை எண் என்று பெரியகருப்பன் வழக்கு கண்டித்ததைத்தான், ஹார்வர்டின் ஆளுமை மதிப்பெண்ணைப் பார்க்கும்போதும் நான் நினைத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் நேர்காணலை நம்பலாமா, கூடாதா? ஒரு பிள்ளையின் ஒரு நேர்காணலை வைத்து அவளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கேட்டவரின் மனநிலை, அன்றைய தலைவலி, பிடித்த கிரிக்கெட் அணி எல்லாம் அதில் கலந்திருக்கும். ஆனால் வெவ்வேறு ஊர்களில், ஒருவரையொருவர் அறியாத ஆயிரக்கணக்கான முன்னாள் மாணவர்கள், ஆறு ஆண்டுகளாகத் தனித்தனியே எழுதிய எண்களை ஒன்றுசேர்த்தால் அந்தச் சில்லறைத் தவறுகள் பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். எல்லோருக்கும் பொதுவான சாய்வு இருந்தால் அது மட்டும் நிற்கும். நின்றதைப் பார்த்தால், வெள்ளையருக்கும் ஆசிய அமெரிக்கருக்கும் குறிப்பிடும்படி வேறுபாடு இல்லை. பிள்ளையை அளக்கும் கோலாக நேர்காணல் மோசமானது. அலுவலகத்தைச் சோதிக்கும் கண்ணாடியாக அது அருமையானது. ஹார்வர்டு அந்தக் கண்ணாடியைப் பல பத்தாண்டுகளாகத் தன் கோப்பிலேயே வைத்திருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை தன் எண்களையும் அவர்கள் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் போதும். 2018 விசாரணையை ஒட்டி, அமைதியாகச் சிந்திப்பதும் அர்ப்பணிப்பும்கூட நல்ல ஆளுமைதான், கலகலப்பாகப் பேசுவது மட்டுமல்ல என்ற கருத்து அலுவலர்களுக்கான வழிகாட்டியில் சேர்ந்தது. 1990லேயே எழுதியிருக்க வேண்டியது அது.

2022 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றத்தில் வாதம் நடந்தபோது, நீதிபதி சாமுவேல் அலிட்டோ இந்த ஆளுமை மதிப்பெண்ணைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்டார். ஹார்வர்டின் வழக்கறிஞர் சேத் வாக்ஸ்மன் பல விதமாகப் பதில் சொல்லியும், வித்தியாசத்துக்கான விளக்கம் தனக்குக் கிடைக்கவில்லை என்றார் அலிட்டோ. அடுத்த ஆண்டு வந்த தீர்ப்பு முழு முறையையும் வேறு காரணங்களால் தள்ளிவிட்டதால், இந்தக் கேள்விக்கு விடை தேவைப்படாமலே போயிற்று. வழக்குத் தொடுத்தவர்கள் ஜெயித்தார்கள். அந்த எண் ஏன் அப்படி இருந்தது என்பது மட்டும் யாருக்கும் சொல்லப்படவில்லை. ஆளுமையைப் பார்க்கும் அதிகாரம் இன்றும் அலுவலகங்களிடமே இருக்கிறது.

இதற்கிடையில் முன்னாள் மாணவர் நேர்காணலே மெல்ல மறைந்து வருகிறது. சிகாகோ பல்கலைக்கழகம் 2018இல் விண்ணப்பதாரர் தானே பதிவு செய்து அனுப்பும் இரண்டு நிமிட வீடியோவுக்கு மாறியது. பிரவுன் பல்கலைக்கழகமும் வீடியோ பக்கம் போய்விட்டது. கொலம்பியா 2023இல் நேர்காணலை நிறுத்தியது. ஜார்ஜ்டவுன், எம்ஐடி போன்றவை விடாமல் வைத்திருக்கின்றன. நிறுத்தியதற்கு நல்ல காரணங்கள் உண்டு: விண்ணப்பங்கள் பெருகிவிட்டன, நேர்காணல் செய்ய ஆள் போதவில்லை, எல்லாருக்கும் ஒரே மாதிரி வாய்ப்புக் கிடைப்பதில்லை. வீடியோ எந்த ஊரிலிருந்தும் அனுப்பலாம். அந்த வகையில் நியாயமானதும்கூட. ஆனால் வீடியோவைப் பார்ப்பது யார்? கோப்பைப் படிக்கும் அதே அலுவலகம். வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த இரண்டாவது எண் இனி இல்லை. அலுவலகத்தின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க அடுத்த வழக்கில் எதுவும் மிஞ்சாது.

நேர்காணலை வைத்திருக்கும் கல்லூரிகளுக்குச் செய்யக்கூடியது சிரமமானது அல்ல. எல்லாரிடமும் ஒரே நாலைந்து கேள்விகளைக் கேட்கச் சொல்லலாம். மொத்தமாக ஒரு எண் கேட்காமல், எதைப் பார்த்து அந்த எண் என்று தனித்தனியாக எழுதச் சொல்லலாம். முன்னாள் மாணவரின் எண்ணும் அலுவலகத்தின் எண்ணும் இரண்டு படிக்கு மேல் விலகினால், அந்தக் கோப்பை மூன்றாவது ஒருவர் படிக்க வேண்டும் என்று விதி வைக்கலாம். வருடக் கடைசியில் இரண்டு எண்களின் சராசரியையும் இனவாரியாக, வருமானவாரியாக வெளியிடலாம்.

பிள்ளைகள் தரப்பில் ஒன்று மட்டும் சட்டப்படி உண்டு. 1974ஆம் ஆண்டுக் கல்விப் பதிவேட்டுச் சட்டத்தின்படி, சேர்ந்த மாணவர் தன் சேர்க்கைக் கோப்பைப் பார்க்கக் கேட்கலாம். 2015 ஜனவரியில் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் சிலர் இதை ஊரறியச் செய்த பிறகு, வேறு கல்லூரி மாணவர்களும் கேட்டுப் பார்த்தார்கள். தங்களுக்கு என்ன எண் போட்டார்கள், என்ன குறிப்பு எழுதினார்கள் என்று படித்தார்கள். அந்த உரிமை சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான். இடம் கிடைக்காத பிள்ளை, அன்று எதிரில் உட்கார்ந்து கேட்டவர் தன்னைப் பற்றி என்ன எழுதினார் என்பதை அந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது.